பெட்டி திருத்தி வந்துவிட்டது, கோபம்தான் போகவில்லை

ஆறு நாள் பேப்பரில் எழுதி ஓடிய பிறகு, போன கிழமை என்னுடைய ஈ.எல்.டி. பெட்டி, அதாவது ட்ரக் ஓடும் நேரத்தையும் ஓய்வையும் தானாகப் பதியும் மெசின், திருத்தி வந்தது. அன்றைக்கே, புதிதாக ஏ-இசட் (ஒன்ராறியோவில் பெரிய ட்ரக் ஓட்டும்) லைசன்ஸ் எடுத்த தம்பி ஒருவர் போன் எடுத்தார். "அண்ணை, அமெரிக்கா ஓடினால் இந்த மெசின் உயிரை எடுக்குமாமே, உண்மையோ?" போனில் ஒழுங்காகச் சொல்லி முடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்க விதிப்படி 11 மணித்தியாலம் ஓட்டலாம், வேலை தொடங்கி 14 மணித்தியாலத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும், பிறகு தொடர்ந்து 10 மணித்தியாலம் ஓய்வு. இது லைசன்ஸ் எடுத்த எவருக்கும் தெரியும். தெரியாதது, பெட்டி பழுதானால் என்ன செய்வது என்பதுதான். 24 மணித்தியாலத்துக்குள் கொம்பனிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். திருத்திக் கொடுக்க அவர்களுக்கு 8 நாள். அதுவரை கட்டம் போட்ட தாளில் கையால் எழுத வேண்டும். பழைய பதிவைப் பெட்டியிலிருந்து எடுக்க முடியாவிட்டால் முந்தைய 7 நாளையும் திரும்ப எழுத வேண்டும். 8 நாளுக்குப் போதுமான வெற்றுத்தாள் எப்போதும் ட்ரக்கில் இருக்கட்டும். என்னிடம் இருந்தது, தப்பினேன்.

பேப்பருக்குத் திரும்பினால் நிம்மதி என்று நினைத்தேன். இரண்டாம் நாளே, லோட் ஒதுக்கும் டிஸ்பாச்சிலிருந்து அழைப்பு. "பேப்பர்தானே, ஒரு மணித்தியாலம் அப்படி இப்படிப் போட்டு எழுதுங்கோ, லோட் நேரத்துக்குப் போகவேணும்." மறுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டே பல வருடம் ஆகிவிட்டது. அமெரிக்காவில் 2017 டிசம்பரில் பெட்டி கட்டாயமானபோது நானும் திட்டித் தீர்த்தவன்தான். அதற்கு முன்னர் நித்திரை இல்லாமல் இரவில் 401 நெடுஞ்சாலையில் வந்த நாட்களை மறந்துவிட்டுத் திட்டியிருக்கிறேன். பெட்டி பதிந்த ஓட்ட நேரத்தை யாரும் குறைக்க முடியாது. மற்றப் பதிவுகளில் கொம்பனி ஏதும் மாற்றக் கேட்டாலும் நான் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் மாறும், அப்போதும் பழைய பதிவு அழியாது. அந்த ஒரு விஷயத்துக்காக இந்தப் பெட்டிக்கு நன்றி சொல்வேன்.

இனிக் கோபம். பெட்டி திருத்தி வந்த மூன்றாம் இரவு, ஓஹையோவில் ஒரு களஞ்சியத்தின் முற்றத்தில் படுத்தேன். பத்து மணிக்கு ஓய்வு தொடங்கியது. 3.40-க்குக் கதவில் தட்டு. "வண்டியை அந்தப் பக்கம் எடு, இந்த இடம் வேறு ட்ரக்குக்கு வேண்டும்." இருநூறு மீற்றர் இருக்கும். வேகம் மணிக்கு 5 மைலைத் தாண்டியதும் பெட்டி 'ட்ரைவிங்' என்று பதிந்துவிட்டது. 5 மணி 40 நிமிட ஓய்வு வீண். பத்து மணித்தியாலத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். மத்தியானம் இரண்டு மணி வரை அங்கேயே கிடந்தேன், அடுத்த லோட் போய்விட்டது.

பெட்டியில் 'யார்ட் மூவ்' (முற்றத்துக்குள் நகர்த்துவது) என்று போட்டிருக்கலாமே என்பார்கள். அதுவும் வேலைக் கணக்குத்தான், ஓய்வு உடைந்துவிடும். 5 மைலுக்குக் கீழே ஊர்ந்தால் பெட்டிக்குத் தெரியாது, ஆனால் செய்ததை வேலை என்று நான்தான் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அது பொய்ப் பதிவு. இன்னும் 1 மணி 20 நிமிடம் கழித்துத் தட்டியிருந்தால் ஸ்லீப்பரில், அதாவது ட்ரக்கின் படுக்கையில், 7 மணித்தியாலம் முடிந்திருக்கும். பிறகு ஒரு 3 மணித்தியால ஓய்வோடு சேர்த்துக் கணக்கைச் சரிசெய்திருப்பேன், 2020-இல் வந்த மாற்றம் அதற்கு இடம் கொடுக்கிறது. தட்டியவருக்கு இது எதுவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. விதி முழுக்க ஓட்டுநரின் தலையில். நித்திரையைக் கெடுத்த முற்றத்துக்கு ஒரு கேள்வியும் இல்லை. இது அநியாயம்.

கனடா விதி இந்த இடத்தில் கொஞ்சம் மனிதத்தன்மையோடு இருக்கிறது. நாளுக்கு 10 மணித்தியால ஓய்வில் 8 தொடர்ந்து எடுத்தால் போதும், மிச்சம் இரண்டையும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாத துண்டுகளாக எடுக்கலாம். அன்றைக்கு அதுவும் என்னைக் காப்பாற்றியிராது, உண்மைதான். ஆனாலும் இடம் இருக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான்: படுக்க முன் ரிசீவரிடம் (சரக்கைப் பெறும் இடத்தவரிடம்) கேட்பேன், இரவில் எழுப்புவீர்களா என்று. ஆம் என்றாலோ, பதில் மழுப்பலாக இருந்தாலோ, ஏற்றி இறக்கி முடிந்த கையோடு பெட்டியில் 'பேர்சனல்' (சொந்தத் தேவைக்கான ஓட்டம், ஓய்வுக் கணக்கு) என்று போட்டு, கிட்டவுள்ள பாதுகாப்பான தரிப்பிடத்துக்குப் போய்விடுவேன். அதற்கு அனுமதி உண்டு. தம்பி, இதை மட்டுமாவது மறக்காதே.

பெட்டி நல்லது என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து பின்வாங்கவில்லை. ஆனால் உனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். கனடாவுக்குள், கொம்பனித் தளத்திலிருந்து 160 கிலோமீற்றருக்குள் ஓடி, அன்றன்றைக்கு வீட்டுக்குத் திரும்புகிற வேலை கிடைத்தால் எடு. அங்கே தினப்பதிவே தேவையில்லை, தொடங்கிய, முடித்த நேரத்தைக் கொம்பனி எழுதி வைக்கும். சம்பளம் குறைவாக இருந்தாலும் அதை எடு.