நான்கு இலவசக் கடன் அறிக்கைகள்: சேலத்திலிருந்து ஒரு மதிப்பீடு

கடந்த ஐப்பசியில், நானும் என் மனைவியும் பதினோரு ஆண்டுகளாகப் பிரீமியம் கட்டிவரும் ஒரு நிறுவனம் இரண்டே பத்திகளில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. வாடிக்கையாளர்கள் சிலரின் விவரங்களை அனுமதியற்றவர்கள் பார்த்திருக்கக்கூடும் என்றும், கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டால் போதும் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த நிறுவனத்திடம் நாங்கள் கொடுத்திருந்தவை ஆதார் நகல், பான் அட்டை நகல், ரத்து செய்த காசோலை, பிறந்த தேதி, கைப்பேசி எண், போதாக்குறைக்குப் பழைய மருத்துவ அறிக்கைகள். கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த தேதியை எங்கே போய் மாற்றுவது?

அன்று மாலையே, சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் அழைத்தார். "மாமா, நான் கேக்காத கடனுக்கு என் ரிப்போர்ட்ட யாரோ பாத்திருக்காங்கன்னு மெசேஜ் வந்திருக்குது" என்றார். அவரும் அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அந்த அழைப்புக்குப் பிறகுதான், யார் எங்கே கடன் வாங்கினார், எப்படிக் கட்டுகிறார் என்பதை வங்கிகளிடமிருந்து திரட்டி வைக்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் தரும் இலவச அறிக்கைகளை எனக்கும் மனைவிக்கும் மைத்துனருக்கும் வாங்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இந்த மதிப்பீடு அந்த நான்கு மாத அனுபவத்தைப் பற்றியது.

டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்பவையே அந்த நான்கும். வங்கியில் கடன் கேட்டவர்கள் எல்லோரும் 'சிபில்' என்ற ஒரே பெயரால் இவற்றைக் குறிப்பிடுவது வழக்கம். லீ பஜாரில் மண்டி வைத்திருப்பவரும் 'சிபில் அடி வாங்கிடுச்சு' என்றுதான் சொல்வார். ரிசர்வ் வங்கியின் 2016ஆம் ஆண்டு உத்தரவின்படி, இவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையையும், கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதைக் காட்டும் மதிப்பெண்ணையும் கட்டணமின்றித் தர வேண்டும். அதாவது ஒருவருக்கு ஆண்டுக்கு நான்கு. பலர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நம் பெயரில் வேறொருவர் கடன் வாங்கினாரா என்பதை 300க்கும் 900க்கும் இடைப்பட்ட அந்த எண் சொல்லாது.

அறிக்கையைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும் என்பது என் அனுபவம். கடைசியில் 'என்கொயரி' என்ற பகுதி இருக்கும். எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம், எந்தத் தேதியில், எவ்வகைக் கடனுக்காக நம் அறிக்கையைக் கேட்டது என்பது அதில் வரிசையாக வரும். திருடப்பட்ட பெயர், பிறந்த தேதி, பான் எண் ஆகிய மூன்றையும் கையில் வைத்திருப்பவன் முதலில் முயல்வது உடனடிக் கடன் செயலிகளில்தான், ஆகவே அவனுடைய கால்தடம் முதலில் விழுவதும் இந்தப் பகுதியில்தான். கடன் கிடைக்காமல் போயிருந்தாலும் முயற்சி பதிவாகியிருக்கும். அடுத்துப் பார்க்க வேண்டியவை முகவரிகளும் தொலைபேசி எண்களும். என் அறிக்கையில், முப்பது ஆண்டுகளுக்கு முன் அம்மாபேட்டையில் குடியிருந்த வீட்டின் முகவரி பத்திரமாக இருந்தது. அதற்குக் கீழே, நான் ஒருநாளும் வைத்திராத ஒரு கைப்பேசி எண்ணும் இருந்தது. கணக்குகளின் பட்டியலை அதன் பிறகு பார்த்தால் போதும்.

மனைவியின் அறிக்கையில்தான் சிக்கல் வந்தது. கைப்பேசி வாங்கத் தவணைக் கடன் ஒன்று, நான்கு தவணைகள் பாக்கியுடன், நான்கு நிறுவனங்களில் இரண்டின் அறிக்கைகளில் மட்டும் இருந்தது. மற்ற இரண்டில் அப்படி ஒரு கடனே இல்லை. ஒன்றை மட்டும் வாங்கிப் பார்த்துத் திருப்தியடைந்திருந்தால் தெரிந்திருக்காது. விசாரித்ததில் அது திருட்டு அல்ல, கலப்படம் என்று தெரிந்தது. நம் ஊரில் தந்தை பெயரின் முதல் எழுத்தே இனிஷியல். பான் அட்டையில் அது விரிந்து குடும்பப் பெயர்போல் நிற்கும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் எழுத்து வந்து சேரும். வங்கிக் கணக்கில் மூன்றாவது வடிவம். ஒரே பெயரும் ஒரே பிறந்த ஆண்டும் கொண்ட இரண்டு பெண்களை வடநாட்டுப் பெயர் முறைக்கு ஏற்ப அமைந்த படிவங்கள் ஒருவராக்கிவிடுவதில் வியப்பில்லை. ஆள்மாறாட்டத்தைத் தேடிப் போகிறவர்கள் இந்தப் பிழையையும் எதிர்பார்க்க வேண்டும். இரண்டும் அறிக்கையில் ஒரே மாதிரிதான் தோன்றும்.

திருத்தக் கோரிக்கை பதிவு செய்யும் முறை நன்றாக இருந்தது என்றே சொல்வேன். இணையத்தில் வரியைச் சுட்டி 'என்னுடையதல்ல' என்று குறித்தால் போதும். கடன் கொடுத்த நிறுவனத்திடம் அவர்களே கேட்டு முடிக்கிறார்கள். முப்பது நாளில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் புகார்தாரருக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. எங்களுக்கு இருபத்தேழாம் நாளில் தீர்த்துவிட்டார்கள். நூறு ரூபாய் போனதில் எனக்குச் சிறு வருத்தமே.

குறைகளுக்கு வருகிறேன். நான்கில் ஒரு நிறுவனத்தின் தளத்தில் இலவச அறிக்கைக்கான இணைப்பைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடங்கள் ஆயின. மாதச் சந்தா கட்டும் பொத்தான் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் பெரிதாக நின்றது. இன்னொன்றில், கடன் சலுகைகளைத் தெரிவிக்கச் சம்மதம் என்ற கட்டம் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தது. அதை நீக்க மறந்ததன் பலனாக ஒரு வாரம் தனிநபர்க் கடன் அழைப்புகள் வந்தன. திருட்டுப் பயத்தில் வந்தவனிடமே எண்ணை வாங்கி விற்பனைக்கு விடுவது என்ன நியாயம் என்று புரியவில்லை.

ஓடிபி பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் நண்பரின் காப்பித் தோட்டத்து வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தபோது, நேரம் கிடைத்ததே என்று மூன்றாவது அறிக்கைக்கு முயன்றேன். ஒண்டிக்கடைப் பக்கம் வந்து நின்றால் சிக்னல் கிடைத்தது. தோட்டத்துக்குள் ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் காலம் முடிந்துவிட்டது. மூன்று முறை தவறியதும் தளம் என்னை வெளியே தள்ளிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வீட்டுக்கு வந்து, மறுநாள்தான் முடிக்க முடிந்தது. மலையில் குடியிருப்பவர்கள் இதற்கு என்ன செய்வார்கள் என்பதை எந்த நிறுவனமும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கட்டணச் சந்தாவையும் ஒரு மாதம் எடுத்துப் பார்த்தேன். அது தருவது அடிக்கடி அறிக்கை, நிறையப் படங்கள், மதிப்பெண்ணை உயர்த்தும் யோசனைகள். வேற்று ஆள் ஒருவன் நம் பெயரில் கடன் கேட்டால் அதைத் தடுக்கும் வசதி அதில் இல்லை, தெரிவிப்பதோடு சரி. அந்தத் தெரிவிப்பும் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. கடன் நிறுவனம் ஒன்று அறிக்கையைக் கேட்கும்போதே வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ போக வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது; மைத்துனருக்கு வந்த செய்தி அதுதான். காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

தடுக்கும் வசதி வேறு நாட்டில் இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸின் கணினிகளில் புகுந்தவர்கள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்துச் சென்றார்கள். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தும் அது பொருத்தப்படவில்லை. மே முதல் ஜூலை வரை திருடர்கள் உள்ளே இருந்தார்கள். செப்டம்பர் 7 அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. அதற்கு மறு ஆண்டு, அறிக்கையை முடக்கிவைக்கும் 'ஃப்ரீஸ்' வசதியைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. முடக்கிவிட்டால் புதிதாகக் கடன் தர நினைப்பவர் அறிக்கையைப் பார்க்கவே முடியாது. பார்க்காமல் பெரும்பாலும் யாரும் கடன் தரமாட்டார்கள். இங்கே அப்படி ஒரு பூட்டு இல்லை. தரவுப் பாதுகாப்புக்கான 2023ஆம் ஆண்டுச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது, ஆனால் அந்தத் தொகை அரசின் கருவூலத்துக்குப் போகுமே தவிர விவரம் பறிபோனவருக்கு வராது. என் மதிப்பீட்டில் பெருமளவு மதிப்பெண் குறைவது இந்தப் பூட்டு இல்லாததால்தான்.

நம்மிடம் இருக்கும் பூட்டு ஆதாரின் கைரேகைப் பூட்டு. எம்ஆதார் செயலியில் இரண்டு நிமிட வேலை. பூட்டியபின் நம் கைரேகையின் நகலைக் கொண்டு வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. ஓடிபி வழி அடையாளச் சரிபார்ப்பை அது தடுக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும் என்பதை ரேஷன் கடையில் தெரிந்துகொண்டேன்: மனைவியின் விரல் இயந்திரத்தில் நான்கு முறை ஏற்கப்படவில்லை, பின்னால் வரிசை நீண்டது, பூட்டியது நான்தான் என்பது எனக்கு வீட்டுக்கு வந்தபிறகே உறைத்தது. தற்காலிகமாகத் திறக்கும் வசதி செயலியிலேயே இருக்கிறது.

அச்செடுப்பது பற்றி ஒரு வார்த்தை. அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில், கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். பான் எண், பிறந்த தேதி, முகவரிகள், கடன்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும்போது அதைக் கடைக் கணினியில் விட்டுவருவது, வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு வருவதற்குச் சமம். கேட்டுக்கொண்டதும் அந்தப் பையன் முகம் சுளிக்காமல் என் கண்முன்னே அழித்துக் காட்டினான். ஆதாருக்கு நான் இப்போது கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு நகலையே கொடுக்கிறேன்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று தருவேன். நான்கையும் ஒரே நாளில் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து வாங்குவது எங்கள் வீட்டு ஏற்பாடு. மைத்துனர் இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்த புகார் எண்ணைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். அவருடைய நான்காவது அறிக்கை மட்டும் இன்னும் வரவில்லை. அந்த நிறுவனத்தின் பதிவில் அவர் எப்போதோ கைவிட்ட பழைய கைப்பேசி எண் இருக்கிறது, ஓடிபி அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது.