4,800 ரூபாய்க் கல் உருட்டி: மூன்றரை ஆண்டு ஓட்டிய பிறகு

தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது மேலே வந்த கல் குவியலில்தான் இந்த வேலை தொடங்கியது. காங்கயத்தைச் சுற்றியுள்ளவர்களுக்குக் கல்லைக் கண்டால் ஒரு நப்பாசை உண்டு. சிவன்மலைப் பக்கம் குருந்தக்கல், படியூரில் பெரில், அங்கங்கே சந்திரகாந்தக்கல் என்று விலை உயர்ந்த கற்களின் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள். என் குவியலில் அப்படி எதுவும் இல்லை. முக்கால்வாசி வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்), கொஞ்சம் சுண்ணாம்புச் சத்துள்ள சுக்காங்கல், அவ்வளவுதான். ஆனாலும் வெங்கச்சங்கல்லை நனைத்துப் பார்த்தால் உள்ளே பால் போல ஒரு வெளிச்சம் தெரியும். காய்ந்தாலும் அந்த வெளிச்சம் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

டிரம்மில் கல்லையும் தேய்ப்புப் பொடியையும் போட்டு உருட்டிப் பளபளப்பாக்கும் வெளிநாட்டு இயந்திரத்தின் விலையைப் பார்த்துவிட்டு நானே செய்துகொள்ள முடிவு செய்தேன். இருபது ஆண்டுகள் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவனுக்கு, இரண்டு ஷாஃப்ட்டின் மேல் ஒரு டிரம் சுழல்வதற்கு அவ்வளவு பணம் கொடுக்க மனம் வரவில்லை. கோவையில் பழைய கால் குதிரைத்திறன் மோட்டார் 1,200 ரூபாய். 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுக்கான பிளம்மர் பிளாக் (பேரிங் பொருத்திய தாங்கி) நான்கும் 1,100. ஷாஃப்ட், லேத் கூலி 600, புல்லியும் பெல்ட்டும் 700. ஆறு அங்குல பிவிசி குழாயும் மூடிகளும் 500, பழைய ஆங்கிளில் வெல்டிங் செய்த சட்டம் 700. மொத்தம் 4,800.

கணக்கு எளிதுதான். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று. இரண்டு அங்குலப் புல்லியிலிருந்து பன்னிரண்டு அங்குலப் புல்லிக்கு வரும்போது அது 240 ஆகிவிடும். ஷாஃப்ட்டின் மேல் ரப்பர் ஹோஸ் மாட்டியதும் அதன் விட்டம் 30 மில்லிமீட்டர், டிரம் 160. ஆக டிரம் 45 சுற்று சுற்றும். இந்த அளவு டிரம்முக்கு அது சரியான வேகம். நூறைத் தாண்டினால் கற்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், ஒன்றையொன்று தேய்க்காது. முதலில் தவறான அளவுப் புல்லியை மாட்டிவிட்டு, கல் ஏன் தேயவில்லை என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இத்தனைக்கும் நான் ஃபிட்டர்.

மூன்றரை ஆண்டுகளில் எது நின்றது, எது போனது என்று சொல்கிறேன். மோட்டார் அப்படியே ஓடுகிறது. ஒரு முறை கெபாசிட்டர் மட்டும் மாற்றினேன். சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரிங்குகளில் டிரம் மூடிப் பக்கம் இருந்த இரண்டும் எட்டே மாதத்தில் கரகரத்தன. மூடியிலிருந்து கசிந்த சேறு உள்ளே புகுந்து, கல்லைத் தேய்க்க வேண்டிய பொடி பேரிங்கைத் தேய்த்துவிட்டது. இப்போது பேரிங்குக்கு முன்னால் பழைய டியூபை வட்டமாக வெட்டித் தடுப்பு மாட்டியிருக்கிறேன்.

பிவிசி டிரம்மை வெறுமனே ஓட்டக் கூடாது. நான்கே மாதத்தில் உட்சுவர் பாதி தேய்ந்தது. சத்தமோ, வீட்டுக்குப் பின்னால் இரவெல்லாம் செக்கு ஓடுவது போல. “ஏனுங்க, இந்தக் கல்லு எப்பத்தான் தூங்கும்?” என்று வீட்டில் கேட்டுவிட்டார். லாரி டியூபை வெட்டி உள்ளே ஒட்டியதும் சத்தம் பாதியானது, டிரம்மும் பிழைத்தது. ஆண்டுக்கு ஒரு முறை அந்த டியூபை மாற்ற வேண்டும்.

மூடியில் நான் செய்த தவற்றை யாரும் செய்துவிடாதீர்கள். உறுதியாக இருக்கட்டும் என்று உட்புறம் அலுமினியத் தகடு வைத்தேன். பளபளப்பாக்கிய பிறகு கற்களைக் கழுவ, டிரம்மில் சலவைத்தூள் போட்டு ஓட்டினேன். சலவைத்தூளில் சோடா இருக்கிறது. சோடாவும் அலுமினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அதிகாலை மூன்று மணிக்கு மூடி தெறித்துத் தகரக் கூரையில் அடித்தது. கட்டுத்தறியில் இருந்த எருமை அறுத்துக்கொண்டு ஓடியதுதான் மிச்சம். இப்போது உள்ளே ரப்பரைத் தவிர வேறெதுவும் இல்லை. அலுமினியம் இல்லாவிட்டாலும் வாயு சேர்வது உண்டு என்பதால், நாளுக்கு ஒரு முறை மூடியைத் தளர்த்தி விடுகிறேன்.

செலவு இயந்திரத்தில் இல்லை, பொடியில் இருக்கிறது. மொசைக் தரையைத் தேய்க்கும் கார்போரண்டம் கல்லைப் பார்த்திருப்பீர்கள், அதே சிலிக்கன் கார்பைடுதான் இங்கேயும். முதலில் கரடான 60–90 நம்பர், பிறகு அதைவிட நைஸான 220, பிறகு இன்னும் நைஸான 500, கடைசியில் கண்ணாடிக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் சீரியம் ஆக்சைடு. டிரம்மில் முக்கால் பாகம் கல், கல்லின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர், கிலோவுக்கு நான்கு மேசைக்கரண்டிப் பொடி. ஒவ்வொரு கட்டமும் ஒரு வாரம். முதல் கட்டம் மட்டும் முனை மழுங்கும் வரை இரண்டு மூன்று தடவை. வெங்கச்சங்கல் முழுதாகப் பளபளக்க ஒன்றரை மாதம் பிடிக்கும். இதுவரை பொடிக்குக் கொடுத்த பணத்தில் இன்னும் இரண்டு இயந்திரம் கட்டியிருக்கலாம். மோட்டார் எடுப்பது 110 வாட், நாளுக்கு 2.6 யூனிட். இரண்டு மாதம் நிறுத்தாமல் ஓடினால் இது ஒன்றே நூற்றைம்பது யூனிட்டுக்கு மேல் தின்றுவிடும்.

கட்டத்துக்குக் கட்டம் கழுவுவதில் சோம்பல் கூடாது. 60 நம்பர் பொடியில் ஒரு துணுக்கு கடைசிக் கட்டத்தில் ஒட்டியிருந்தால் ஒரு மாத உழைப்பு கீறலாகிவிடும். பொடி ஓட்டைக்குள் தங்கிவிடும் என்பதால், ஓட்டை விழுந்த கல்லை நான் இப்போது முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். கழுவிய சேற்றைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. சிமெண்ட் போல் இறுகிவிடும். வேலியோரம் ஒரு குழி வெட்டி அதில் ஊற்றுகிறேன்.

கற்களைக் கலப்பதிலும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்தவர் ஒருவர் நான்கைந்து குருந்தக்கல் கொடுத்தார். வெங்கச்சங்கல்லோடு சேர்த்துப் போட்டேன். குருந்தத்தின் கடினம் பத்துக்கு 9, வெங்கச்சங்கல்லுக்கு 7. இரண்டு மாதத்தில் வெங்கச்சங்கல் பாதியாகிவிட்டது, குருந்தமோ முனை மழுங்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தது. சுக்காங்கல் ஒன்று தவறி விழுந்தால் டிரம் முழுக்கச் சுண்ணாம்புக் குழம்பு. சந்திரகாந்தக்கல்லோ பாளம் பாளமாகப் பிளக்கும் சாதி, உருட்டினால் உடைகிறது.

சந்திரகாந்தக்கல்லுக்காகவே ஒரு சாணைத் தட்டும் செய்தேன். லேத்தில் கடைந்த எட்டு அங்குல வட்டத் தகட்டை மோட்டாரில் படுக்கவைத்து மாட்டி, மேலே தண்ணீர்த்தாள் எனப்படும் எமரித்தாள் 220 முதல் 2000 வரை மாற்றி மாற்றி ஒட்டுவேன். மேலே ஒரு சொட்டுக் குழாய். மூங்கில் குச்சியின் நுனியில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டிக்கொண்டு தேய்ப்பது காங்கயத்துப் பட்டறைக்காரர் ஒருவரிடம் பார்த்துப் பழகியது. அடி தட்டையாகவும் மேல்புறம் குவிந்தும் ஒரு கல் அமைய எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அவருக்குப் பத்து நிமிடம். செலவு 900 ரூபாய்க்குள். செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அறுக்கும் இயந்திரம் தோல்வி. மார்பிள் கட்டரைத் தலைகீழாகப் பலகையில் பொருத்தித் தண்ணீர் விட்டேன். அந்த வேகத்தில் கையை அருகில் கொண்டுபோகவே பயம். ஒரு நாள் தண்ணீர் உள்ளே இறங்கி ஷாக் அடித்ததும் கழற்றி வைத்துவிட்டேன். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அன்றே மாட்டினேன், அதை முதல் நாளே மாட்டியிருக்க வேண்டும். தண்ணீர் விடாமல் அறுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். வெங்கச்சங்கல் தூள் நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ், அதற்கு மீட்சி கிடையாது. அறுக்க வேண்டியதைக் காங்கயத்துக்கே கொண்டுபோய்க் கூலி கொடுத்து அறுத்துக்கொள்கிறேன்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரைக் கொடுமணலில் அகழாய்வில் கிடைத்த மணிகளைப் படத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், மோட்டாரும் பெல்ட்டும் இல்லாமல், அதே வெங்கச்சங்கல்லில் முடி நுழையும் அளவுக்குத் துளை போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு ஒன்றரை மாதம் காத்திருப்பதைப் பற்றி நான் புலம்புவதில்லை.

இப்போது டிரம்மில் 500 நம்பர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஐந்தாவது நாள். மூடிப் பக்கத்தில் மறுபடி லேசாகக் கசிகிறது. ஞாயிற்றுக்கிழமை டியூப் மாற்ற வேண்டும்.