உதவி தருவதாக வந்து விரல் ரேகை கேட்டால் வைக்காதீர்கள்

காரைக்குடிக்கு அருகே பள்ளத்தூரில் தனியாக வசிக்கும் என் அப்பத்தாவின் வங்கிக் கணக்கிலிருந்து, ஆதரவற்ற முதியோருக்கு மாதந்தோறும் உதவி செய்யும் அறக்கட்டளை என்று சொல்லிக்கொண்டு வந்த இருவர் 14,500 ரூபாயை எடுத்துச் சென்றுவிட்டார்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் செட்டிநாட்டு ஊர்களில் ஏராளம் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்தவர்கள் ஐந்து கிலோ அரிசியும் ஒரு போர்வையும் கொடுத்து, திண்ணையில் உட்கார வைத்துப் படம் பிடித்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை "ஆச்சி" என்றார்களாம். எங்கள் பக்கம் அது நகரத்தார் எனப்படும் செட்டியார் வீட்டுப் பெண்களை அழைக்கும் சொல்; முப்பது ஆண்டுகள் ஒரு செட்டியார் வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் தேய்த்த அப்பத்தாவை அதுவரை யாரும் அப்படி அழைத்ததில்லை. பாதி மயக்கம் அதிலேயே வந்துவிட்டது என்று பின்னர் அவரே சொன்னார்.

பிறகு, மாத உதவிக்குப் பெயர் பதிய வேண்டும் என்று ஆதார் அட்டையையும் பாஸ்புக்கையும் வாங்கிப் பார்த்துவிட்டு, கையடக்கக் கருவி ஒன்றை நீட்டியிருக்கிறார்கள். ஓலைக் கொட்டான் (கூடை) பின்னியே தேய்ந்துபோன விரல்கள் என்பதால் ரேகை எளிதில் விழவில்லை. விரலைத் தலைமுடியில் தேய்க்கச் சொல்லி, முந்தானையில் துடைக்கச் சொல்லி, பொறுமையாக வாங்கியிருக்கிறார்கள். விழுந்த முதல் ரேகைக்கு 10,000 ரூபாய். "சரியாகப் பதியவில்லை ஆச்சி, இன்னொரு தடவை" என்று வாங்கிய ரேகைக்கு மீதி 4,500.

இவ்வளவு எளிதாக எப்படிக் கைவைத்தார் என்று உறவினர்கள் அவரைத்தான் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதியோர் உதவித்தொகையான 1,200 ரூபாயை மாதந்தோறும் கொண்டுவரும் வங்கி முகவரும் இதே போன்ற கருவியில் ரேகை வாங்கிக்கொண்டுதான் பணம் தருகிறார். கருவியில் விரல் வைத்தால் பணம் வரும் என்று பழகியவருக்கு, அதே விரலில் பணம் போகவும் செய்யும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நானும் சொல்லவில்லை. ஆதார் எண்ணும், எந்த வங்கி என்பதும், ரேகையும் இருந்தால் போதும். ஏடிஎம் அட்டையோ ஓடிபியோ இல்லாமலே பணம் எடுத்துவிடலாம்.

குறுஞ்செய்தி சித்தப்பாவின் பழைய எண்ணுக்குப் போனதால் பன்னிரண்டு நாட்கள் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது. வங்கிக் கிளையில், "ரேகை உங்கள் பாட்டியுடையதுதானே" என்று கேட்டுவிட்டுப் புகாரை வாங்கவே தயங்கினார்கள். வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளரைச் சேராது என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொல்லியிருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் எழுத்துபூர்வமாக வாங்கி ஒப்புகை தந்தார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் பதிந்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை.

உண்மையாகவே உதவ வருபவருக்கு, வாங்குபவரின் விரல் ரேகை எதற்கு? கேட்டால் அரிசியையும் போர்வையையும் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அரசு உதவித்தொகை வேண்டுமென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

அப்பத்தாவின் ஆதாரில் என் கைபேசி எண்ணை இணைத்து, ரேகையை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாதபடி ஆதாரிலேயே பூட்டி வைத்திருக்கிறேன். ரேஷன் வாங்கவும் உதவித்தொகை வாங்கவும் அந்த நேரத்தில் மட்டும் நான் திறந்துவிட வேண்டும். போன மாதம் வேலையில் மறந்துவிட்டேன். அரை மணி நேரம் வரிசையில் நின்ற அப்பத்தா வெறும் பையோடு வீடு திரும்பினார்.