உப்புவெளி விடுதிக்கு ரியாக்டா, வேர்ட்பிரஸா?

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் ஏழு அறை விடுதி வைத்திருக்கும் அண்ணைக்கு முதலில் ரியாக்டில்தான் (இணையப் பக்கங்களைக் கட்டுகிற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு) இணையதளம் செய்து கொடுத்தேன், எல்லாரும் அதைத்தானே கொண்டாடுகிறார்கள். 2013இல் பேஸ்புக் வெளியிட்டது, திரையில் மாறுகிற துண்டை மட்டும் மாற்றும், கெட்டிக்காரச் சாமான், சரி. ஆனால் சீசன் தொடங்கினால் இரவு பத்து மணிக்கு "தம்பி, வாடகையை ஒருக்கா மாத்திவிடு" என்று கோல் வரும்; ஒரே ஒரு எண்ணுக்காக முழுவதையும் திரும்ப பில்ட் பண்ணி (கோடிலிருந்து தளத்தின் கோப்புகளைப் புதிதாக உருவாக்கி) ஏற்ற வேண்டும் (விலையை கோடுக்குள்ளேயே எழுதியது என் பிழைதான்), அந்த பில்டுக்குத் தேவையான நோட் (Node.js) மென்பொருளின் பதிப்பு ஒத்துவராவிட்டால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

வேர்ட்பிரஸ், கோட் தொடாமலே தளத்தில் எழுதி மாற்ற உதவும் மென்பொருள், 2003இலிருந்தே இருக்கிற பழசு. ஒரு பிளகினை (கூடுதல் வசதிக்குச் சேர்க்கிற துண்டு) அப்டேட் செய்தால் இன்னொன்று படுத்துவிடும். இருந்தாலும் தளத்தை அதற்கு மாற்றிக் கொடுத்த பிறகு அண்ணை இப்போது நிலாவெளி பஸ்ஸில் போகும்போதே போனில் வாடகையை மாற்றிவிடுகிறார்.