பழவேற்காடு படகுச் சவாரிக்குப் பணம் கட்டாதீர்கள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "பழவேற்காடு ஒருநாள் சுற்றுலா: வேன், மதிய உணவு, ஏரியில் படகுச் சவாரி, பூநாரைக் கூட்டம், டச்சுக்கோட்டை" என்று துண்டறிக்கை அடித்து வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களிலும் அதையே அனுப்புகிறார்கள். பெரியவர்களுக்கு 1,200 ரூபாய், குழந்தைகளுக்கு 800. அந்தப் பட்டியலில் படகுச் சவாரி என்று இருந்தால் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால், பணம் போனால் போகட்டும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் படகில் மட்டும் ஏறிவிடாதீர்கள்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உறவினர்களாகச் சேர்ந்து வந்தவர்கள், குழந்தைகளும் பெண்களும் உட்பட. அந்தச் செய்தி வந்த நாள்களில் வடசென்னையில் அதைப் பேசாத வீடு இல்லை. அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. நாங்கள் போனபோதும் கரையில் தடை அறிவிப்புப் பலகை இருந்தது. அதற்குச் சில அடி தள்ளித்தான் எங்களை இறக்கிவிட்டு வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மாமியார், என் தங்கை, அவளுடைய இரண்டு பிள்ளைகள், நான். ஏற்பாட்டாளர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய அலுவலகம் வைத்திருப்பவர். பணம் கட்டும்போதே நான் கேட்டேன், "படகுக்கு அனுமதி இருக்கிறதா தம்பி?" என்று. "எல்லாம் முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறோம் அக்கா, பாதுகாப்பு உடுப்பும் உண்டு, நீங்கள் கவலையே படாதீர்கள்" என்றார். கடிதம் எதையாவது காட்டுங்கள் என்றதற்கு, வேனில் வரும் ஆளிடம் இருக்கும் என்று சொல்லிவிட்டார். வேனில் வந்த ஆளிடம் கேட்டால், அது அலுவலகத்தில் இருக்கிறது என்றார்.

ஆறரை மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் ஒன்பதுக்குத்தான் வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஊருக்குள் எதையும் காட்டவில்லை, நேராகக் கரைக்கு அழைத்துப்போனார்கள். ஏனென்று பிறகுதான் விளங்கியது. சவாரியை முடித்துவிட்டால் மற்றதற்கெல்லாம் யாரும் வாய்திறக்க மாட்டார்கள் என்ற கணக்கு.

படகைப் பற்றிச் சொல்கிறேன். வலை போடப் போகும் சாதாரண ஃபைபர் படகு. உட்கார இருக்கை கிடையாது, குறுக்கே ஒரு பலகை. அடியில் டீசல் கலந்த தண்ணீர் தேங்கி, அதில் மீன் செதில்கள் மிதந்தன. அதில் இருபது பேருக்கு மேல் ஏற்றப் பார்த்தார்கள். பாதுகாப்பு உடுப்பு என்று இரண்டே இரண்டு, படகின் முன்பக்கத்தில் கிடந்தன. ஒன்றின் தையல் பிரிந்து உள்ளேயிருந்த வெள்ளை நுரை உதிர்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றுக்குக் கொக்கி இல்லை. குழந்தைகள் அளவில் ஒன்றும் இல்லை. என் தங்கை மகனுக்கு ஆறு வயது.

"தலைக்கு இன்னும் 150 ரூபாய் கொடுங்கள்" என்று வேன் ஆள் அப்போது ஆரம்பித்தார். 1,200 ரூபாயில் சவாரியும் அடக்கம் என்று அச்சடித்த தாளை நீட்டினேன். அது ஏரிக்குள் சுற்றுவதற்கு மட்டுமாம். முகத்துவாரம் வரை போக வேண்டுமென்றால் டீசல் தனியாம். ஏரிக்குள் மட்டும் போதும் என்று சிலர் சொன்னார்கள். அப்படித் தனியாகப் போகும் படகு கிடையாது என்றார்.

ஆழம் எவ்வளவு என்று என் தங்கை கேட்டாள். "இடுப்பளவுதான் அம்மா, விழுந்தாலும் நடந்து வந்துவிடலாம்" என்று சிரித்தார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் முக்கியமாக இதை எழுத உட்கார்ந்தேன். அது பாதி உண்மை. பழவேற்காடு ஏரி இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, பல இடங்களில் உண்மையிலேயே ஆழம் குறைவு. இருளர் பெண்கள் தண்ணீரில் அமர்ந்தபடி கையாலேயே இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறிக்கூடையில் போட்டுக்கொள்வது அந்த ஆழமற்ற பகுதிகளில்தான். ஆனால் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் அப்படிப்பட்டதல்ல. அங்கே மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று படகு போன வழி இன்று அடைபட்டிருக்கும். வற்றம், அதாவது கடல்நீர் இறங்கும் நேரம், தொடங்கினால் ஏரித் தண்ணீர் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குள் இழுக்கும். எதிரே கடல் அலை. இரண்டும் மோதும் இடத்தில், பாரம் ஏற்றிய படகு பக்கவாட்டில் திரும்பினால் முடிந்தது. பரம்பரையாக அந்தத் தண்ணீரில் தொழில் செய்யும் மீனவர்களே முகத்துவாரம் மணல்மூடிப் போவதால் படகு கவிழ்கிறது, வலை போகிறது, நிரந்தரத் தீர்வு வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகக் கோரிக்கை வைத்து வருகிறார்கள். அவர்களே அஞ்சும் இடத்துக்கு, நீச்சல் தெரியாத குடும்பங்களை "இடுப்பளவுதான்" என்று சொல்லி ஏற்றுகிறார்கள்.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேன் ஆள் சற்று நகர்ந்ததும், "பிள்ளைகளோடு போகாதே அம்மா. மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பும்" என்று மெதுவாகச் சொன்னார். என் மாமியார் அதற்குப் பிறகு ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. "ஏம்மா, வா, திரும்பிப் போகலாம்" என்று பேரனின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பங்கள் விலகின. மற்றவர்கள் போனார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை கரையில் நின்ற எங்களுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. நல்லவேளையாக வந்துவிட்டார்கள், நனைந்து, பேச்சில்லாமல்.

அந்தப் பெரியவரைப் போன்றவர்களை நினைத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழவேற்காட்டு மீனவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. படகோட்டிய பையனுக்குக் கிடைத்தது சில நூறு ரூபாயாக இருக்கலாம். அனுமதி இருக்கிறது என்று வடசென்னையில் உட்கார்ந்து பொய் சொல்லி ஆயிரக்கணக்கில் சுருட்டியவர்தான் இதில் குற்றவாளி. நாளை ஏதாவது நடந்தால் அந்தப் பையன் சிறையில் இருப்பான், இவர் போனை அணைத்து வைத்திருப்பார்.

மதிய உணவு. "ஏரியில் பிடித்த இறால், நண்டு, சுடச்சுட" என்று போட்டிருந்தார்கள். பழவேற்காட்டு இறாலுக்கும் பச்சை நண்டுக்கும் மடவைக்கும் சென்னைச் சந்தையில் தனி மதிப்பு உண்டு, அதற்காகவே வந்தவர்கள் பலர். வேனின் பின்கதவைத் திறந்து, காலையிலிருந்து வெயிலில் வெந்துகொண்டிருந்த அலுமினிய அடுக்குகளை இறக்கினார்கள். நண்டு கிடையாது. காசிமேட்டில் வாரந்தோறும் மீன் வாங்கும் என் மாமியார் ஓர் இறாலை விரலால் அழுத்தினார். சதை மாவாக நசுங்கியது, ஓட்டின் ஓரம் கறுத்திருந்தது, மசாலாவையும் மீறி மூக்கில் ஏறும் ஒரு நெடி. பிள்ளைகளின் இலையிலிருந்து அதை அவரே எடுத்துவிட்டார். சோறும் ரசமும் சாப்பிட்டோம். எடுத்துச் சாப்பிட்ட ஒருவருக்குத் திரும்பும் வழியில் வாந்தி.

பூநாரை ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை. அவை கூட்டங்கூட்டமாக ஏரிக்கு வருவது பனிக்காலத்தில், நவம்பருக்கு மேல். மே மாதத்தில் அதைக் காட்டுவதாகப் பணம் வாங்குவது தெரிந்தே சொல்லும் பொய்.

கோட்டை விஷயம் இதைவிட மோசம். துண்டறிக்கையில் கடலோரம் நிற்கும் அழகான கோட்டைப் படம் ஒன்று இருக்கிறது. அது பழவேற்காடே இல்லை. தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. மயிலாடுதுறை மாவட்டத்துக் கோட்டையைத் திருவள்ளூர் மாவட்டத்தில் காட்டுகிறேன் என்று விற்கிறார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். இன்று இருப்பது முட்புதர் மண்டிய மேடும், அகழியின் தடமும்தான். எங்களை அங்கேகூட இறக்கவில்லை. ஓடும் வேனிலிருந்து "அதோ, அந்தப் புதர்தான்" என்று கையைக் காட்டினார்கள்.

வேன் ஓட்டுநர் டீ குடிக்க நிறுத்திய நேரத்தில் நானும் தங்கையும் பிள்ளைகளோடு டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். அந்த நாளில் கிடைத்த நல்ல நேரம் அதுதான். வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், கனத்த கற்பலகைகளில் டச்சு எழுத்துகள், குலச் சின்னங்கள். இங்கிருந்து துணி ஏற்றிக்கொண்டு கப்பல்கள் கிழக்கே தீவுகளுக்குப் போன காலத்தில், 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இந்த ஊர்தான். பிறகுதான் நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், படிக்கப் படிக்க நேரம் போவது தெரியாது. அதற்குள் ஹாரன் அடித்துக் கூப்பிட்டுவிட்டார்கள்.

படகில் ஏறாதவர்களுக்குப் பாதிப் பணமாவது திருப்பித் தாருங்கள் என்று மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். "ஏறாதது உங்கள் விருப்பம் அக்கா" என்றார் அதே தம்பி. அனுமதிக் கடிதத்தைக் கேட்டதும் முகம் மாறியது. "இவ்வளவு நாளாக நடத்துகிறோம், ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை" என்றார். அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசி, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1,200 ரூபாய்க்காக இவ்வளவா என்று வீட்டிலேயே கேட்டார்கள். எனக்குக் கண்முன் நிற்பது அந்தக் கொக்கியில்லாத உடுப்புதான். சட்டத்துக்குப் புறம்பாகச் சவாரி நடப்பதைக் கரையிலேயே பார்த்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093க்குக் கூப்பிடுங்கள்.

பழவேற்காட்டுக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்களே போங்கள். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எல்லா இடத்திலும் நிற்கிறது. பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் காலையிலேயே போய்விடுங்கள். கல்லறைத் தோட்டத்தைப் பொறுமையாகப் பாருங்கள். பாலத்தின் வழியாக லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால் ஏரியைக் கரையிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம், அதற்குப் படகு தேவையில்லை. ஊர்ப் பெண்கள் பனையோலையில் பின்னும் கூடைகளையும் பெட்டிகளையும் அவர்களிடமே வாங்குங்கள், காசு உரியவர்களுக்குப் போய்ச் சேரும். இறாலைக் கரைச் சந்தையில் கண்ணால் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த வேனில் எங்களோடு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், துண்டறிக்கையையும் பணம் அனுப்பிய ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், போனில் இருக்கும் குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து புகார் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. படகில் ஏறியவர்கள் அங்கே எடுத்த படங்கள், வீடியோக்கள் இருந்தால் அவையும் பயன்படும், குறிப்பாக எத்தனை பேரை ஏற்றினார்கள் என்பது தெரியும் படங்கள்.