கடலூர் ஓ.டி. பாய் கடை: பழைய யெஸ்டிய ரெடி பண்ணனும்னா நம்பி போலாம், ஆனா அவசரம்னா போகாதீங்க

வீட்டுல பழைய வண்டி ஒண்ணு துருப்புடிச்சு கெடக்கு, ஓட்டணும்னு ஆசை இருக்கு, ஆனா ஸ்பானரே புடிச்சதில்லன்றவங்களுக்கு இந்த ரிவ்யூ. கடை ஓ.டி.ன்னு (ஓல்டு டவுன்) சொல்ற முதுநகர்ல ஹார்பர் பக்கம் ஒரு சந்துக்குள்ள இருக்கு, போர்டெல்லாம் கிடையாது, டூ ஸ்ட்ரோக் பாய் கடைன்னு கேட்டா டீக்கடைலயே கை காட்டிடுவாங்க.

நான் கொண்டு போனது பெரியப்பாவோட 1984 மாடல் யெஸ்டி ரோட்கிங், டூ ஸ்ட்ரோக் பைக். அவர் போனதுலேர்ந்து கொட்டாய்லயே நின்னுச்சு, நம்ம ஊரு உப்புக்காத்த பத்தி சொல்லவே வேணாம், ரிம்மு, ஸ்போக்கு, ரெண்டு சைலன்சர் எல்லாம் செதில் செதிலா உரியுது, சீட்டுக்குள்ள எலி குடும்பமே நடத்திருக்கு.

பாய் வண்டிய பாக்கவே இல்ல, மொதல்ல கேட்டது "ஆர்.சி. இருக்கா தம்பி?" கரெக்டான கேள்விங்க. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்.சி. ரினியூவல் பண்ணனும், அது அஞ்சு வருஷத்துக்குத்தான் வரும். இது பாண்டில ரிஜிஸ்டர் ஆன வண்டி வேற, தமிழ்நாட்டு நம்பருக்கு மாத்தணும்னா அங்கேர்ந்து என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கணும். பேப்பர் இல்லாத வண்டிக்கு காச கொட்டாதீங்கன்னு நேராவே சொல்லிடுறார். விண்டேஜ்னு தனி நம்பர் வாங்கிக்கலாம்னு நெனைக்கிறவங்களுக்கு, 2021ல வந்த ரூல்படி அதுக்கு 50 வருஷம் ஆகிருக்கணும், 84 மாடலுக்கெல்லாம் இன்னும் டைம் இருக்கு.

அடுத்தது, கிக்கர தொடவே விடல. (யெஸ்டில கிக்கரும் கியரும் ஒரே லிவர்தான், உள்ள தள்ளி மேல திருப்புனா கிக்கர், தெரியாதவங்க முழிப்பாங்க.) ரொம்ப நாள் நின்ன எஞ்சின்ல பிஸ்டன் ரிங்கு துருவோட ஒட்டிருக்கும், ஓங்கி ஒதைச்சா போர்ல, அதாவது சிலிண்டர் உள்சுவத்துல, கீறல் விழுந்துடும். அதனால பிளக்க கழட்டி ஆயில் ஊத்தி ஊற விட்டு, மறுநாள் மெதுவா கையால சுத்தி பாத்தார்.

எனக்கு இந்த கடை புடிச்சதே, எதையும் சும்மா மாத்தலாம்னு சொல்ல மாட்டேங்குறார். கார்ப்ரேட்டர் கழுவி ஜெட்ட (பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) ஊதினா போதும், பாயிண்ட்ட (பிளக்குக்கு கரண்ட் விட்டு விட்டு குடுக்குற சுவிட்ச்) தேய்ச்சு கேப் வச்சா போதும்னாரு. ஆனா க்ராங்க் ஆயில் சீல் (க்ராங்க் ஷாஃப்ட்ட சுத்தி காத்து போகாம அடைக்கிற ரப்பர் வளையம்) மட்டும் மாத்தியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னார். ஏன்னா டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோல் கலவை க்ராங்க் கேஸ் வழியாத்தான் மேல போகுது, காஞ்சு போன சீல் வழியா வெளிக்காத்து உள்ள வந்தா கலவைல பெட்ரோல் கொறஞ்சு, சூடு ஏறி, பிஸ்டன் ஜாம் ஆயிடும். ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னு சந்தோஷத்துல ஓட்டுற நிறைய பேர் எஞ்சின தொலைக்கிறது இங்கதானாம். எஞ்சின் பிரிச்சதுதான் பிரிச்சோம்னு பேரிங்கும் சேத்து மாத்தியாச்சு.

டேங்க் வேலைய என்கிட்டயே குடுத்துட்டார். வினிகர் ஊத்தி ஊற வச்சு, உள்ள நட்டு போல்ட்டு போட்டு குலுக்கி, சோடா உப்பு தண்ணில அலசி, தண்ணி நிக்காம உடனே காய வச்சு ஆயில் தடவணும். இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, அது ஈரத்த இழுக்கும், அதனால வண்டி நிக்கிறப்போ டேங்க்ல பழைய பெட்ரோல விட்டு வைக்காதீங்கன்னு தனியா ஒரு பாடம். கழட்டுற ஒவ்வொண்ணையும் போன்ல போட்டோ எடுக்க சொல்லி, போல்ட்ட தனித்தனி கவர்ல போட வச்சார். சொல்லிக்குடுக்குற பொறுமை இருக்குற மெக்கானிக்க நான் வேற எங்கயும் பாக்கல.

ஸ்பேர்ஸ்தான் தலைவலி. பழைய யெஸ்டிய செஞ்ச மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1996லயே மூடியாச்சு. புது யெஸ்டி ஷோரூம்ல கேக்கலாமேன்னேன், சிரிச்சுட்டார், அது 334 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், பேரு மட்டுந்தான் ஒண்ணு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுலேர்ந்து பழைய ஸ்டாக் வரவழைச்சு குடுத்தார்.

குறைன்னா, டைம். அடுத்த வாரம்னு சொன்னா அடுத்த மாசம்னு எடுத்துக்கோங்க. போன் எடுக்க மாட்டார், பில்லு கிடையாது, உக்கார ஒரு ஸ்டூல்தான். பெயிண்ட் வேலைய வெளிய குடுத்தார், அங்க டேங்குக்கும் சைடு பாக்ஸுக்கும் ஷேடே சேரல, வெயில்ல நிறுத்துனா பளிச்சுன்னு தெரியுது. பெயிண்ட்ட நீங்களே நல்ல ஆளா பாத்து குடுத்துடுங்க.

எஞ்சின் கூலி ஆறாயிரம் கிட்ட ஆச்சு, ஸ்பேர்ஸ் தனி. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். வெள்ளிக்கெழம மத்தியானம் தொழுகைக்கு போயிடுவார், சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க, ஆர்.சி. ஜெராக்ஸ கையோட எடுத்துட்டு போங்க.