பத்மினியில் எலக்ட்ரானிக் இக்னிஷன்: கிட் பாதி, வயரிங் பாதி

சென்னை காசிமேட்டு உப்புக்காற்று படும் இடத்தில் பாயிண்ட் (ஸ்பார்க் வருவதற்காக மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் சுவிட்ச்) வைத்த காரை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரியும். சில நாள் ஓட்டாமல் விட்டால் போதும், பாயிண்டின் முகத்தில் படலம் ஏறிவிடும். உப்புத்தாளால் தேய்த்து, பீலர் கேஜ் விட்டு இடைவெளி சரிசெய்தால் வண்டி ஓடும். அப்புறம் பாயிண்டைத் திறக்கும் கேமில் உரசும் ஃபைபர் பகுதி தேயத் தேய, இடைவெளி குறைந்து ஸ்பார்க் வரும் டைமிங் பின்னுக்குப் போகும், இழுவை போய்விடும். ராயபுரத்தில் நிற்கும் என் பிரீமியர் பத்மினிக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டது இதற்காகத்தான். சில மழைக்காலங்கள் தாண்டி ஓட்டிவிட்டதால் இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அப்படியே இருக்கும். பாயிண்ட், கண்டென்சர் இரண்டையும் கழற்றிவிட்டு காந்தத்தை உணரும் ஹால் சென்சார் உள்ள மாட்யூலைப் பொருத்த வேண்டும். கேம் மேல் காந்தங்கள் பதித்த வளையம் உட்காரும். மாட்யூலின் சிவப்பு வயர், ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் காயிலின் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் மாட்டியதும் டைமிங் லைட் வைத்து டைமிங்கைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது, பழைய செட்டிங் இதற்குப் பொருந்தாது.

நிஜமான வேலை வோல்டேஜில் இருக்கிறது. பாயிண்டுக்கு 9 வோல்ட் வந்தாலும் கவலையில்லை, அது வெறும் சுவிட்ச். மாட்யூலோ வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் வேலையை நிறுத்திவிடும். பழைய சாவி சுவிட்ச், கறுத்துப்போன லக்குகள் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டுகள்), மெலிந்த வயர் என்று வழியெங்கும் வோல்டேஜ் கசியும். காலையில் ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரியே 10 வோல்ட் பக்கம் இறங்கும், அதிலும் வழியில் ஒன்றரை வோல்ட் போனால் மாட்யூலுக்கு என்ன மிஞ்சும்? அதனால் ரிலே வைத்தோம், சாவி அதை மட்டும் இயக்கும், காயிலுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேரே வரும். கீழே வரும் எண்கள் ரிலேயின் முனைகள். சாவியிலிருந்து வரும் வயர் 86-க்கு, 85 எர்த், பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து காயில் பிளஸ்ஸுக்கும் சிவப்பு வயருக்கும். சில கார்களில் காயிலுக்கு முன் வோல்டேஜைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். அப்படியானால் சிவப்பு வயரை அதற்கு முன்னால் எடுக்க வேண்டும்.

வண்ணாரப்பேட்டை எலக்ட்ரீஷியன் தம்பி ஒன்று சொன்னார்: “ண்ணா, எர்த்த நம்பாத, தனியா ஒரு வயர் குடு.” டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கும், அங்கிருந்து பேட்டரி மைனஸுக்கும் தடிமனான வயர் இழுத்தார். சூடானபின் சிக்னலில் நிற்கும்போது வந்துகொண்டிருந்த மிஸ்ஸிங் அன்றோடு போனது. எனக்கு இந்த ஒரு வேலையே கிட்டின் விலைக்குச் சமம்.

ஒருமுறை மாட்யூல் செத்தது. எண்ணூர் விரைவுச்சாலை, முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரிகள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எஞ்சின் நின்றுவிட்டது. பாயிண்ட் என்றால் இருமிக்கொண்டாவது வீடு சேர்க்கும், இது அப்படியில்லை. மல்டிமீட்டரில் காயிலை அளந்தபோதுதான் காரணம் புரிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு கடையில் 3 ஓம் காயில் கேட்டு வாங்கியிருந்தேன், கொடுத்தது 1.5 ஓம். 3 ஓம் காயிலில் 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் ஓடும், 1.5 ஓமில் 8. அந்தச் சூட்டை மாட்யூல் எவ்வளவு நாள் தாங்கும்? டேஷ்போர்டு பெட்டியில் பழைய பாயிண்ட், கண்டென்சர், ஸ்க்ரூடிரைவர் இருந்ததால் சாலையோரத்திலேயே மாட்டி வீடு வந்தேன். அவை இன்றும் அதே பெட்டியில்தான் இருக்கின்றன.

எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனில் விடுவதும் ஆபத்து. பாட்டுக் கேட்க வேண்டுமானால் ரேடியோவுக்குத் தனி இணைப்பு கொடுத்துவிடுங்கள். செம்புக் கம்பி வைத்த பிளக் வயர்களையும் மாற்றுங்கள், ரெசிஸ்டர் வகைதான் இந்த மாட்யூல்களுக்கு ஒத்துவரும். எர்த், ரிலே இணைப்புகளில் வாசலின் தடவி வைக்கிறேன். மாட்யூல் முழுக்க மூடப்பட்டே வந்தாலும் லக்குகள் இந்தக் காற்றில் பச்சை பூத்துவிடும்.

மழைக்கு இது மருந்தில்லை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீர் தெறித்து டிஸ்ட்ரிபியூட்டர் கேப் நனைந்தால் முன்பு போலவே வண்டி திணறும், கேப்பைக் கழற்றித் துடைத்தே ஆக வேண்டும்.

மைலேஜில் பெரிய மாற்றம் தெரியவில்லை, கூடுதல் பவரும் கிடையாது. ஆனால் காலையில் சோக் இழுத்துச் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கிறது, ஐடிலிங் நடுக்கமில்லாமல் நிற்கிறது. டைமிங் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. தினமும் ஓட்டுகிற பத்மினி என்றால் தயங்காமல் போடுங்கள், முதல் செலவு ரிலேவுக்கும் எர்த் வயருக்கும் இருக்கட்டும்.